திரைக்கு 26 அங்குலம்: கும்பகோணத்தில் செய்துகொண்ட கணினிக் கண்ணாடி பற்றி

பாபநாசத்தில் பொதுச் சேவை மையம் ஒன்றை 11 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சிட்டா எடுத்துக் கொடுப்பது, வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பிப்பது, பாஸ்போர்ட் அளவுப் படம் அச்சிடுவது என்று ஆண்டு முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலைதான். ஆனாலும் சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாகக் கடைசி நாளாக அறிவிக்கப்படும் நவம்பர் 15-க்கு முந்தைய பத்து நாள்களை மற்ற நாள்களோடு சேர்த்து எண்ண முடியாது. காலை எட்டு மணிக்கு முன்பே வாசலில் ஆள் நிற்கும். இரவு ஒன்பது மணிக்கும் வரிசை கலையாது. கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தந்த அடங்கலில் இருக்கும் புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அதில் 3 என்பது 8 ஆகிவிட்டால், வெள்ளம் வந்து பயிர் மூழ்கிய பிறகு இழப்பீடு கேட்கும் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்ற பயம், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அனுப்பும்போது நெஞ்சில் நிற்கும். கண் சோர்வும் மன அழுத்தமும் வெவ்வேறு நோய்கள் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அவை இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன: எண் சரியாகத் தெரியவில்லை என்ற சந்தேகத்திலிருந்து.

இந்தப் பின்னணியோடுதான், கும்பகோணத்தில் நாகேசுவரன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் இருக்கும் ஒரு சிறிய கண்ணாடிக் கடையைப் பற்றியும், அங்கே கணினி வேலைக்கென்றே செய்துகொண்ட ஒரு கண்ணாடியைப் பற்றியும் எழுதுகிறேன். கடந்த புரட்டாசியில் வாங்கியது. ஐப்பசியின் காப்பீட்டுக் கூட்டத்தையும், தைக்குப் பிறகு வந்த சான்றிதழ் வேலைகளையும் இந்தக் கண்ணாடியோடுதான் கடந்திருக்கிறேன் என்பதால், ஏழு மாதப் பழக்கத்தில் சொல்லத் தகுந்தது சேர்ந்திருக்கிறது.

இதற்கு முந்தைய கண்ணாடியின் கதையைச் சொல்லாமல் இதன் அருமை விளங்காது. எனக்கு வயது 48. நாற்பதைத் தாண்டியதும் எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்து எனக்கும் வந்தது. மாலையானால் புருவத்துக்கு மேலே ஒரு வலி, கண்ணில் மணல் போட்டது போன்ற உறுத்தல், கழுத்தின் பின்புறம் ஒரு பிடிப்பு. வேறொரு ஊரில் பெரிய கண்ணாடிக் கடை ஒன்றுக்குப் போனேன். இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார்கள், சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள், பத்து நிமிடத்துக்குள் பரிசோதனை முடிந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகக் கணினி வேலை என்று சொன்னதும், நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' வில்லை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, ஒரு சிறிய ஒளிப் பேனாவை எடுத்து வில்லையின் மீது அடித்துக் காட்டினார்கள். சாதாரண வில்லையைத் தாண்டிப் போய் அட்டையில் விழுந்த அந்த நீலப் புள்ளி, ப்ளூ கட் வில்லையைத் தாண்டவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி என்று நம்பி, மேல்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி வாசிப்புக்கும் ஆன பைஃபோகல் கண்ணாடியை 2,400 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

தலைவலி குறையவில்லை, கழுத்துப் பிடிப்பு கூடியது. பைஃபோகலில் கிட்டத்துப் பவர் கண்ணாடியின் அடியில் இருக்கிறது; என் திரையோ முகத்துக்கு நேரே இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தைக் கீழ்வட்டத்தின் வழியாகப் பார்க்க, நாள் முழுவதும் மோவாயைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் போதவில்லை, அந்தப் பவர் புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தொலைவுக்கு வைத்தது என்பதால், எழுத்து தெளிய முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு வில்லையில் இருந்த மஞ்சள் சாயையால், அச்சிடும் படங்களில் முகத்தின் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவே ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

அந்த ஒளிப் பேனாவைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டெல்டாவில் எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அந்தப் பேனாவைக் காட்டக்கூடும். இத்தகைய பேனாக்கள் பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீளத்தில் ஊதா ஒளியை வீசுபவை. கணினித் திரையிலும் கைப்பேசியிலும் உள்ள எல்.இ.டி. விளக்கின் நீல ஒளியோ 450 நானோமீட்டரை ஒட்டி உச்சம் கொள்வது. முன்னதை முழுதாகத் தடுக்கும் வில்லை, பின்னதில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடலாம். அதற்கும் மேலாக, திரையிலிருந்து வரும் நீல ஒளி, வாசலில் நிற்கும்போது வானத்திலிருந்து நம் கண்ணில் விழும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, 17 ஒப்பீட்டுச் சோதனைகளை அலசி, சாதாரண வில்லைகளோடு ஒப்பிடும்போது நீல ஒளி வடிகட்டும் வில்லைகள் குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் கணினி வேலைக்கென்று இவ்வில்லைகளைப் பரிந்துரைப்பதில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தால் அந்தப் பணத்தை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

கும்பகோணத்துக் கடை பத்தடி அகலம்தான் இருக்கும். உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு மேல். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, உங்கள் கம்ப்யூட்டர் கண்ணிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளியிருக்கும்?" என்பது. எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டி ஏதோ ஒரு தூரத்தைக் காட்டினேன். அவர் ஏற்கவில்லை, பரிசோதனையையும் தொடங்கவில்லை. தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றைக் கையில் கொடுத்து, நான் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் வேறொருவரைக் கொண்டு அளந்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அளக்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம், அதனால்தான் நம் கையாலேயே அளக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். பேருந்தில் அரை மணி நேரம் போய், ஒன்றும் வாங்காமல் ஒரு நாடாவோடு திரும்பியதில் அன்று எனக்குக் கொஞ்சம் சலிப்பு இருந்தது உண்மை. ஆனால் அந்த நாடாதான் எல்லாவற்றையும் மாற்றியது.

என் மகள் மூன்று நாள் வெவ்வேறு நேரங்களில் அளந்தாள். திரை 26 அங்குலம், அதாவது சுமார் 66 சென்டிமீட்டர். மேசை மேல் கிடக்கும் அடங்கல் தாள் 16 அங்குலம். கணக்காகப் பார்த்தால், 16 அங்குலத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணுக்குச் சுமார் இரண்டரை டயாப்டர் (வில்லையின் பவரை அளக்கும் அலகு) குவிய ஆற்றல் வேண்டும். 26 அங்குலத்துக்கு ஒன்றரை போதும். இளமையில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தானே குவிந்தும் தளர்ந்தும் இந்த வேறுபாட்டைத் தெரியாமலே சமாளித்துவிடுகிறது. என் வயதில் அந்த வில்லை விறைத்துவிட்டது. குவியும் ஆற்றல் குறைந்துவிட்டது. புத்தகத்துக்கு எழுதிய பவர் திரைக்குப் பொருந்தாது என்பது இவ்வளவு எளிய கணக்கு. பெரிய கடையில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை போனபோது பரிசோதனைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நாள்களில் கண்ணின் பவர் தற்காலிகமாக மாறும் என்பதால், அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரை அடங்கிய பிறகுதான் அளவெடுப்பாராம். விழித்திரையைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரவும் சொல்வாராம். இயந்திரத்தின் அளவை அவர் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டார். பிறகு வட்ட வில்லைகளைச் செருகும் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றி, இது தெளிவா அது தெளிவா என்று பொறுமையாகக் கேட்டார். தொலைவுக்கு எனக்குப் பவர் தேவையில்லை. ஆனால் இடக்கண்ணில் அரை பவர் 'சிலிண்டர்' இருப்பதைக் கண்டுபிடித்தார். முந்தைய கண்ணாடியில் அது விடுபட்டிருந்தது. அரைதானே என்று தோன்றும். ஆனால் கோடுகள் ஒரு திசையில் மட்டும் லேசாக மங்கும் அந்தக் குறைதான், 3-ஐயும் 8-ஐயும் எனக்குக் குழப்பியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன்பின் அவர் செய்ததை வேறெந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. மேசையில் ஒரு பழைய விசைப்பலகையை வைத்தார். அதற்குப் பின்னால் ஒரு தாங்கியில் தமிழ் நாளிதழின் பக்கம் ஒன்றை நிறுத்தி, நான் எழுதி வந்த 26 அங்குலத்துக்கு நாடாவால் அளந்து தள்ளி வைத்தார். என்னை வீட்டில் உட்காருவது போலவே உட்காரச் சொல்லி, எழுத்து எந்த முயற்சியும் இல்லாமல் தெரியும் வரை வில்லைகளை மாற்றினார். வாசிப்புக்கு எனக்குக் கூட்டல் 1.75 வேண்டும், திரைக்குக் கூட்டல் 1.00 போதும், மீதியை என் கண்ணே குவித்துக்கொள்ளும் என்று முடிவானது. மேலும் கீழும் பிரியாத ஒரே பவர் வில்லை. தொலைவு, நடுத்தொலைவு, கிட்டம் மூன்றுக்கும் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் வில்லை போடலாமா என்று நானே கேட்டேன். அதில் நடுத்தொலைவுக்கான பாதை குறுகலானது, நாள் முழுவதும் திரையின் இடமும் வலமும் பார்ப்பவர் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், செலவும் பல மடங்கு என்று சொல்லி, எனக்கு அது தேவையில்லை என்றார். விலை கூடிய பொருளை வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் சொல்வதைக் கேட்க மனத்துக்கு நிறைவாக இருந்தது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயருக்குக் கீழே தொழில், வேலை செய்யும் தொலைவு, விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வரை அவர் ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832) கண் நோயாளிகளைப் பற்றி எழுதச் செய்த பதிவுகள், நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்த அந்தக் கவனத்தின் ஒரு சிறு கீற்றை இந்தக் குறிப்பேட்டில் பார்த்தேன்.

சட்டம் 650 ரூபாய், கண்கூசும் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுடன் வில்லைகள் 1,000 ரூபாய், மொத்தம் 1,650 ஆனது. பவரோடு இரு கருவிழிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் நான் கேட்காமலே அட்டையில் எழுதிக் கொடுத்தார். அந்த அளவு தெரிந்தால் வேறு கடையிலும் நாம் கண்ணாடி செய்துகொள்ளலாம் என்பதால், பல கடைகள் அதை எழுதித் தருவதில்லை.

குறைகளும் உண்டு. புதன்கிழமை தருவதாகச் சொன்ன கண்ணாடி சனிக்கிழமைதான் கிடைத்தது. சிலிண்டர் வில்லை வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததாம், அதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் ஒரு பேருந்துப் பயணம் மிஞ்சியிருக்கும். மதியம் ஒன்றரை முதல் நான்கு மணி வரை கடை மூடியிருக்கும். காத்திருக்க இரண்டு நாற்காலிகள்தான். வயதானவர்களைத் துணைக்கு அழைத்துச் செல்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு திருகாணி தளர்ந்தது. காசு வாங்காமல் முடுக்கிக் கொடுத்தார்கள் என்றாலும் தளர்ந்தது தளர்ந்ததுதான். பூச்சிட்ட வில்லையில் விரல் பட்ட தடம் பளிச்சென்று தெரிகிறது. முந்தானையால் துடைத்தால் கீறல் விழும் என்பதால், தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டுக் கழுவி, அவர்கள் தந்த துணியால்தான் துடைக்கிறேன்.

பொருளின் வரம்பையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கண்ணாடி திரைக்கு மட்டுமே. போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தால் எதிரே வருபவரின் முகம் மங்கும். இதை அணிந்து வண்டி ஓட்டவே கூடாது. 16 அங்குலத்தில் கிடந்த அடங்கல் தாளும் முதல் வாரத்தில் சற்று மங்கலாகவே இருந்தது. தாளைத் திரைக்குப் பக்கத்தில், அதே தொலைவில் நிறுத்திவிடுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். மகளின் பழைய பரீட்சை அட்டையைச் செங்குத்தாகச் சாய்த்து, கிளிப்பில் தாளைச் செருகினேன். கண் இரண்டு தொலைவுகளுக்கு மாறி மாறி அலையும் வேலை அன்றோடு நின்றது. கழுத்து குனிந்து நிமிர்வதும் நின்றது.

கண்ணாடி மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. உறுத்தல் கண்ணாடிக்குக் கட்டுப்படாத குறை. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதியளவுகூட இமைப்பதில்லை; கண்ணீர்ப் படலம் ஆவியாகி, மேற்பரப்பு காய்ந்துவிடுகிறது. என் இடப்பக்கத்தில் இருந்த மேசை விசிறி நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திரை கண்மட்டத்துக்கு மேலே இருந்ததால் இமைகள் அகல விரிந்து, காய்வது இன்னும் கூடியது. விசிறியைக் காலடிக்கு இறக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி அதன் அடியில் இருந்த பலகையை எடுத்துவிட்டேன். செலவில்லாத இந்த இரண்டு மாற்றங்களும் சொட்டு மருந்தைவிட எனக்கு உதவின என்று உறுதியாகச் சொல்வேன்.

சொட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை. கண் சிவந்திருந்த ஒரு நாள், கடையில் சொட்டு மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். விற்பதில்லை, கண் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் சிவப்பு நீக்கும் மருந்துகளில் சில, இரத்தக் குழாய்களைத் தற்காலிகமாகச் சுருக்குபவை. விட்டவுடன் வெளுக்கும், பழகிவிட்டால் நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். ஸ்டீராய்டு கலந்தவை இன்னும் கொடியவை: மருத்துவர் மேற்பார்வையின்றித் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், கண்புரையும் வரலாம். மருத்துவர் எனக்கு எழுதித் தந்தது கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5 விழுக்காடு உள்ள வெறும் ஈரச் சொட்டு. திறந்த ஒரு மாதத்தில் தூக்கி எறிந்துவிடவும் சொன்னார். அந்தப் பயணத்திலேயே கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்துக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது கண்ணின் நலத்தைப் பார்ப்பது ஆகாது. நாற்பதைக் கடந்தவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பார்க்க வேண்டும் என்ற அறிவுரையை எல்லாரும் கேட்டிருப்போம். வரிசையில் ஆள் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்த்து அதைச் செய்ய எனக்கு முடிந்ததே இல்லை. ஒருவருடைய விண்ணப்பம் முடியச் சுமார் ஒரு கால் மணி நேரம் ஆகும். அடுத்தவர் வந்து உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் தேடி எடுக்கும் அந்த இடைவெளியை இப்போது என் கண்ணுக்கென்று வைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி, வாசலுக்கு வெளியே எதிர்ச்சாரியில் நிற்கும் தென்னையின் உச்சியைப் பார்க்கிறேன், நிதானமாக ஆறேழு முறை மூச்சு விடுகிறேன், இமைகளை முழுதாக மூடித் திறக்கிறேன். பெரியவர் பையில் துழாவுவதைப் பார்த்து முன்பு பரபரத்த மனம், இப்போது அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறது. அவசரப்படாமல் எடுங்கள் ஐயா என்று சொல்லவும் வருகிறது.

ஐப்பசியின் கடைசி வாரத்தில் மழையும் கூட்டமும் ஒன்றாக வந்தன. கண் களைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இரவு எட்டு மணிக்குமேல் களைத்தது. ஆனால் புருவ வலி வரவில்லை, மோவாயைத் தூக்கவில்லை, அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் புல எண்ணை மூன்று முறை சரிபார்த்த நான் ஒரு முறை பார்த்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு வந்திருந்தேன். அந்த நம்பிக்கைக்கு 1,650 ரூபாய் அதிகமில்லை.

இந்தக் கடைக்குப் போக நினைப்பவர்கள் மாலை நான்கு மணிக்குமேல், பழைய கண்ணாடியையும் அதன் அட்டையையும் எடுத்துக்கொண்டு, தங்கள் வேலைத் தொலைவை முன்பே அளந்துகொண்டு போனால் ஒரு பயணம் மிச்சமாகும். கண் திடீரென மங்கினாலோ, மின்னல் போன்ற ஒளி தெரிந்தாலோ, வலியோடு சிவந்தாலோ கண்ணாடிக் கடைப் பக்கம் போகாமல் நேரே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

என் நாத்தனார் திருபுவனத்தில் பட்டுத்தறி நெய்கிறார். சரிகை இழை இரண்டாகத் தெரிவதாகச் சில மாதங்களாகச் சொல்லி வந்தார். முதலில் கண் மருத்துவரிடம் காட்டி, வெள்ளெழுத்து தவிர வேறு கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்டோம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் தறியில் உட்கார்ந்திருந்தபோது, அவருக்குத் தெரியாமல் பக்கவாட்டில் நின்று நாடாவைப் பிடித்தேன். 19 அங்குலம். சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை மாலை இருவரும் போகிறோம்.